முதுகில்லாத அலமாரி

ஜனவரி 18, சனி

ஆபீசில் கொடுத்தார்கள் என்று சங்கரலிங்கம் புது டைரி ஒன்று கொண்டுவந்து டீவி மேல் போட்டான். முன்பெல்லாம் அவன் அப்பா எழுதுவார்கள். மழை பெய்தது, கேபிள்காரன் வரவில்லை, இன்னார் வந்து போனார், அவ்வளவுதான் இருக்கும். போன வருஷத்து டைரி ஒரு வரிகூட இல்லாமல் பழைய பேப்பரோடு போனது. இந்த வருஷம் நான் எழுதப்போகிறேன். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்களே தவிர என் கையெழுத்தில் ஒரு பழுதும் கிடையாது. பிழை இருந்தால் இருக்கட்டும். யாருக்கும் படிக்கக் கொடுக்கப்போவதில்லை.

முதல் செய்தி. மருமகள் சுபாவின் அம்மா இங்கே வருகிறாள். விருந்துக்கு இல்லை, தங்குவதற்கு. அம்பாசமுத்திரத்தில் தனியாக இருந்தவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். எலும்பு ஒன்றும் முறியவில்லை. அதற்குள் மகளுக்குப் பதறிவிட்டது. “யம்மா, அத்தை இனிமே நம்ம கூடத்தான் இருப்பாங்க” என்றான் என் மகன். கேட்கவில்லை, சொன்னான். கேட்பதற்கும் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் ஐந்தாவது படித்தவளுக்கும் தெரியும்.

கையோடு எனக்கு ஒரு மிட்டாயும் கொடுத்தார்கள். அடுக்களையை இடித்துப் புதிதாகச் செய்யப்போகிறார்களாம். சாமான் வைக்கிற அலமாரியை நானே பார்த்து எடுக்கலாமாம்.

சம்பந்தி அம்மா பெயர் மங்கையர்க்கரசி. பெயரில்தான் அரசி. அவள் செய்ததை இங்கே எழுதிவைக்கிறேன். மறந்துவிடுவேன் என்பதற்காக இல்லை.

சங்கரலிங்கத்தின் அப்பா இறந்துபோன பதினாறாம் நாள். நான் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்து அடுக்களைக்குப் போனால் அலமாரியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். கீழ்த்தட்டு மூலையில் இருந்த புளிச்சாடி கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

“இதுல இருந்தது எங்க?” என்றேன்.

“அதுவா மதினி, கருகருன்னு பிசுபிசுத்துக் கெடந்துச்சு. கெட்டுப்போச்சு. தூரப் போட்டாச்சு.”

புளி பழசானால் கருக்காமல் வெளுக்குமா? அம்பாசமுத்திரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா?

வருஷா வருஷம் மாசியில் புதுப்புளி வந்ததும் அவர்கள்தான் உட்கார்ந்து கோது நீக்கி, கொட்டை எடுத்து, உருண்டை பிடிப்பார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் கட்டைவிரலை அழுத்திக் குழி போட்டு, அதில் கல் உப்பு வைப்பார்கள். ஒரு உருண்டை ஒரு குழம்புக்கு. ஆம்பிளை செய்கிற வேலையா இது என்று தெருவில் சிரித்திருக்கிறார்கள். “உன் கையில விட்டா நீ அள்ளிப் போட்டுருவ, ஆவுடை” என்பார்கள். சாடியில் இருந்தது கடைசி மாசியில் பிடித்தது.

புளிக்காகவா இவ்வளவு ஆங்காரம் என்று யாராவது கேட்டால், ஆமாம், புளிக்காகத்தான்.

வரட்டும். இந்த வீட்டில் ஒரு சிட்டிகை மல்லித்தூள் வேண்டுமென்றாலும் அவள் என் முன்னால் வந்து நின்று, மதினி என்று கூப்பிட்டுக் கேட்டு வாங்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இட்லி, மிளகாய்ப்பொடி. எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடை முழுக்க அடுக்களைகள். ஒன்றிலும் அடுப்பு எரியவில்லை. ஒரு வெங்காயத்தோல் கீழே கிடக்கவில்லை. பொம்மைக் கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்தது.

செல்வின் என்கிறவர் எல்லாம் காட்டினார். சட்டைப்பையில் அளவு டேப்பும் காதில் பென்சிலும். மரியாதையான ஆள். “ஆச்சி, சாமான் வைக்க இப்ப எல்லாரும் இழுப்பு மாதிரிதான் கேக்காங்க” என்று மூன்று தினுசு காட்டினார். ஒன்று, சாதாரணக் கதவு. திறந்தால் உள்ளே தட்டுகள் தனித்தனியாக வெளியே வரும். இன்னொன்று இடுப்புக்குக் கீழே பெரிய பெரிய டிராயர். மூன்றாவதுதான் டால் யூனிட், அதாவது நெட்டை அலமாரி.

ஒற்றை விரலால் கைப்பிடியை இழுத்தார். கதவோடு சேர்ந்து ஆளுயரத்துக்கு ஒரு அடுக்கே வெளியே வந்தது. ஐந்து கம்பிக் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. கோவில் சப்பரம் வாசலைத் தாண்டி வருகிற மாதிரி இருந்தது.

“ரெண்டு பக்கமும் நின்னு எடுத்துக்கலாம் ஆச்சி. பழைய அலமாரில மாதிரி பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டு, நாலு மாசம் கழிச்சுப் புழுவோட வர்ற கதையே கிடையாது. இதுக்குப் பின்பக்கம்னே ஒன்னு இல்ல.”

“உப்பும் புளியும் வச்சா கம்பி துரு ஏறாதா?”

“நல்ல ஸ்டீலு ஆச்சி. ஜாடியில போட்டுத்தான வைப்பீங்க?”

இழுத்துப் பார்த்தேன். தள்ளிப் பார்த்தேன். தள்ளினால் கடைசியில் கொஞ்சம் தயங்கி, பெருமூச்சு விட்டு, தானாகப் போய் மூடிக்கொள்கிறது. கோபம் வந்தால் அறைந்து சாத்த முடியாது. அது ஒன்றுதான் குறை.

சுபாவுக்கு டிராயரில்தான் கண். “அத்தை, இது வேண்டாமே. அந்த டிராயர் பாருங்க, எல்லாம் இடுப்புக்குக் கீழேயே இருக்கு. அம்மா குட்டை. விழுந்ததுல தோள் வேற பிடிச்சுக்கிடுச்சு. கையை மேல தூக்க முடியல.”

அப்போதுதான் எனக்குள் விளக்கு எரிந்தது.

“குனிஞ்சு குனிஞ்சு எடுக்க என் இடுப்பு என்ன இரவல் இடுப்பா?” என்றேன்.

“அப்ப அம்மா என்ன செய்வாங்க?”

“கேட்டா எடுத்துத் தந்துட்டுப் போறேன். நான் என்ன செத்தா போனேன்?”

சங்கரலிங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அதான! யம்மா இருக்கும்போது நமக்கு என்ன கவலை” என்றான். பெற்ற தாய்க்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

டால் யூனிட் என்று முடிவாகிவிட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

செல்வின் வீட்டுக்கு அளவெடுக்க வந்தார். “சமையல் செய்யிறது யாரு?” என்று கேட்டார். சமைக்கிறவர் கை எட்டுகிற உயரம் பார்த்துத்தான் உச்சிக்கூடை வைப்பார்களாம். நான் என்றேன். சுபா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

“சுவரோட நில்லுங்க ஆச்சி. எக்காம, சும்மா கையத் தூக்குங்க.”

தூக்கினேன். குதிகாலையும் கொஞ்சம் தூக்கினேன். சேலை மறைத்துவிட்டது. பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு அவரே அசந்துபோனார். “என்ன ஆச்சி, சின்ன வயசுல பாஸ்கெட் பால் ஆடுனீங்களா?”

“இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்திப் போடுங்க தம்பி.”

“எட்டணுமே ஆச்சி.”

“எனக்கு எட்டும்.”

அவர் போனபிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே மங்கையர்க்கரசி நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். அவள் என் தோளுக்குத்தான் வருவாள். சங்கரலிங்கம் கல்யாண போட்டோவில்கூட போட்டோக்காரன் அவளை ஒரு படி மேலே ஏற்றி நிறுத்தித்தான் எடுத்திருக்கிறான். பகல் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. சங்கரலிங்கம் தாமிரபரணிக்குப் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு வந்தான். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். “அப்பாவுக்குப் புளிக்குழம்புதானம்மா பிடிக்கும்? அவங்க போனபிறகு நீ வைக்கவே இல்லையே” என்றான். கடைப்புளியில் வைத்தால் காக்காய்கூடத் தொடாது என்றேன்.

காக்காய் சாம்பார்ச்சோற்றையும் வெகுநேரம் தொடவில்லை. பிறகு வந்தது.

பிப்ரவரி 5, புதன்

இடிக்கிறார்கள். வீடெல்லாம் தூசி. பழைய அலமாரியின் கீழ்த்தட்டு மூலையில் சாடி உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இருந்தது. கடப்பாறையோடு வந்த ஆள், “ஆச்சி, உள்ள எடுக்கிறதுக்கு ஏதும் இருக்கா?” என்றான்.

ஒன்றும் இல்லை, உடை என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஹாலில் கரண்ட் அடுப்பு வைத்துச் சமையல். காலையிலும் உப்புமா, மாலையிலும் உப்புமா. பேத்தி தாரணி ஒன்பதாவது படிக்கிறாள், வாய் மட்டும் காலேஜ். “ஜெயில்லகூட வாரத்துக்கு ஒருநாள் சப்பாத்தி தருவாங்களாம் ஆச்சி” என்கிறாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

அலமாரி நின்றுவிட்டது. ஒரு பக்கம் அடுப்பு மேடை, இன்னொரு பக்கம் சாப்பாட்டு மேசைக்குப் போகிற வழி. நல்ல நேரம் பார்த்து முதலில் உப்பும் மஞ்சளும் வைத்தேன்.

பிறகு அடுக்கினேன். மேல் இரண்டு கூடையில் தினமும் தேவைப்படுகிறதெல்லாம்: மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், பருப்பு வகை, கடைப்புளி. கீழே சேமியா, ஜவ்வரிசி, வெல்லம், சுபா வாங்கிப்போட்டு யாரும் தின்னாத ஓட்ஸ். அடிக்கூடையைக் காலியாக விட்டேன். அது சம்பந்தி அம்மாவுக்கு.

“அத்தை, தினம் எடுக்கிறது கீழ இருந்தாத்தான வசதி?” என்றாள் சுபா.

“எறும்பு ஏறும்.”

“எறும்பு மேல ஏறாதா?”

“ஏறும். களைச்சுப் போய் ஏறும்.”

இழுத்துப் பார்த்தேன், மூடினேன். மறுபடி இழுத்தேன். தாரணி சிரிக்கிறாள். “ஆச்சி, தெறந்து தெறந்து பாத்தா உள்ள புதுசா ஒன்னும் முளைக்காது.” அவளுக்கு என்ன தெரியும். நான் ஒத்திகை பார்க்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வந்துவிட்டாள். வேனில் பெட்டி பெட்டியாகச் சாமான்.

“மதினி, நல்லாருக்கியளா? ரொம்ப இளைச்சிட்டிய.”

“நீங்க இளைக்கல.”

சுபா என்னைப் பார்த்தாள். நான் விசிறி ரெகுலேட்டரைப் பார்த்தேன்.

அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரியை இழுத்துக் காட்டினேன். “அடி ஆத்தி! அழகா இருக்கு மதினி. நீங்களா பாத்து எடுத்தீங்க?” என்று கன்னத்தில் கை வைத்தாள். உச்சிக்கூடையை அண்ணாந்து பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு தன் டின்களை எடுத்துக்கொண்டு அடிக்கூடைக்குக் குனிந்தாள். மூட்டு சொடுக்கியது எனக்கே கேட்டது. உட்கார்ந்து, அடுக்கி, எழுந்திருக்கக் கதவைப் பிடித்தாள். இழுப்பு அலமாரி இல்லையா, அது அவளோடு சேர்ந்து நகர்ந்தது.

தாரணி எங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. நான் நெட்டை ஆச்சி, அவள் குட்டை ஆச்சி. எனக்குச் சம்மதம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று அவள் சமைக்கிறேன் என்றாள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காத்திருந்தேன். அலமாரி இழுபடுகிற சத்தம். பிறகு சத்தமில்லை. பிறகு,

“மதினி, மல்லித்தூள் ஒரு கரண்டி வேணும்.”

எழுந்து போனேன். அவசரப்படவில்லை. கையை நீட்டி எடுத்து, அவள் கையில் கொடுத்து, அவள் எடுத்துக்கொண்டபிறகு திரும்ப மேலே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

“மதினி, மிளகு.”

“மதினி, துவரம்பருப்பு.”

“மதினி, ஒன்னும் நெனைக்காதிய, சீரகம்.”

முழங்கால் வலிக்கிறது. பரவாயில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

வெட்கப்படாமல் கேட்கிறாள். அதுதான் எனக்குப் புரியவில்லை. முகம் சுருங்க வேண்டாமா? இன்று, “மதினி கையால எடுத்துத் தந்தா குழம்புக்குத் தனி மணம்” என்கிறாள். கேலியா, நிஜமா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அவளிடம் உள்ள விஷமே அதுதான்.

முழங்காலுக்குத் தைலம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எல்லோரும் வீட்டில். அவள் கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். மல்லித்தூள் கேட்டாள், மிளகாய்த்தூள் கேட்டாள், வெந்தயம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

சங்கரலிங்கம் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நிமிர்ந்தான். “அத்தை, எங்கப்பா இருக்கும்போது எங்க வீட்ல தின்ன மாதிரியே இருக்கு!” இரண்டு தரம் சோறு வாங்கினான். அவள் தலையைத் தூக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, “கத்தரிக்கா நல்லது, அதான்” என்றாள்.

நான் ஒரு வாய் வைத்தேன். எழுந்துவிட்டேன். காரம் அதிகம், கண்ணில் ஏறிவிட்டது. “காரமே இல்லையே ஆச்சி” என்கிறாள் தாரணி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு மரத்துவிட்டது.

கொல்லையில் முகம் கழுவும்போதுதான் நினைவு வந்தது. அவள் என்னிடம் புளி கேட்கவில்லை. கடைப்புளி உச்சிக்கூடையில் நான் வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

அவள் சிவன் கோவிலுக்குப் போயிருந்தாள். சுபா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள், மற்றவர்களும் இல்லை. அலமாரியை முழுக்க இழுத்தேன். அடுப்புப் பக்கம் நின்று பார்த்தால் அடிக்கூடையில் அவளுடைய அரிசிமாவு டின், அப்பள டின், வேறொன்றும் இல்லை. மேசைப் பக்கம் சுற்றி வந்து குனிந்தேன்.

டின்னுக்குப் பின்னால் ஒரு ஊறுகாய் ஜாடி. அம்பாசமுத்திரத்துப் பழைய அலமாரி என்று நினைத்து ஒளித்திருக்கிறாள். அவள் நிற்கிற பக்கத்துக்கு அது பின்னால்தான். நான் நிற்கிற பக்கத்துக்கு அதுதான் முதல் சாமான். இந்த அலமாரிக்குத்தான் பின்பக்கமே கிடையாதே.

உள்ளே கருப்பாக உருண்டைகள். ஒவ்வொன்றிலும் குழி.

கீழே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றை வெளியே எடுத்து, அந்தக் குழியில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். குழி பெரிது. என் விரல் அதற்குள் தளர்ந்து ஆடியது.

பாதி ஜாடிதான் இருக்கிறது. கெட்டுப்போச்சு, தூரப் போட்டாச்சு என்றவள், அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கரைத்துக் குடித்திருக்கிறாள். திருடி.

கால் மரத்துவிட்டது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கோவிலிலிருந்து வந்து திருநீறு கொடுத்தாள். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

யோசித்தேன். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் ஜாடியைக் கவிழ்த்துக் காட்டலாம். அவள் அழுவாள். மகள் போய்த் தாயைக் கட்டிக்கொள்வாள். சங்கரலிங்கம் என்னைப் பார்த்து, “புளிதானேம்மா” என்பான். அதை என் மகன் வாயால் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

அதனால் வேறு செய்தேன். ஜாடியை எடுத்து உச்சிக்கூடையில், என் கை எட்டுகிற கடைசி இடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டேன். வேண்டுமென்றால் கேட்கட்டும். மல்லி கேட்டாள், மிளகு கேட்டாள். இதை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறாள் என்று பார்க்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. நானும் அவளும் விரதம். அலமாரியை யாரும் இழுக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

பார்த்துவிட்டாள்.

நான் மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். குனிந்து டின்னை நகர்த்தினாள். இன்னொரு டின்னை நகர்த்தினாள். கூடைக்குள் கையை விட்டுத் துழாவினாள். மெல்ல நிமிர்ந்தாள். கண் கூடை கூடையாக மேலே ஏறியது. உச்சியில் போய் நின்றது.

“என்ன மதினி தேடுதிய?”

“ஒன்னும் இல்ல மதினி. அப்பளம்.”

“அப்பளம் உங்க கையிலதான இருக்கு?”

“ஆமா, பாருங்க. கண்ணும் போச்சு எனக்கு.”

அலமாரி பெருமூச்சு விட்டுக்கொண்டு மூடியது. பீன்ஸை இவ்வளவு பொடியாக நான் நறுக்கியதே இல்லை.

மார்ச் 3, திங்கள்

எலுமிச்சை ரசம். தக்காளிக் குழம்பு. மோர்க்குழம்பு. மறுபடி எலுமிச்சை ரசம். புளி சேராத சமையலாகத் தேடித் தேடி வைக்கிறாள். “குட்டை ஆச்சி, உங்களுக்கும் புளிக்கும் என்ன சண்டை?” என்று தாரணி கேட்டாள். குட்டை ஆச்சி ரசத்தைக் கலக்கினாள், நெட்டை ஆச்சி மோரை ஊற்றிக்கொண்டாள்.

மார்ச் 5, புதன்

குளித்துவிட்டு வந்தேன். அடுக்களையில் அவள் மட்டும். அலமாரியை இழுத்துவிட்டு உச்சிக்கூடைக்குக் கையைத் தூக்குகிறாள். வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கித் தள்ளித் தூக்குகிறாள். விரல் நுனி கூடையின் அடிக்கம்பியைத் தொட்டது. அவ்வளவுதான். இறக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தோளைத் தடவினாள்.

நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் காட்சிக்காகத்தான் அந்தக் கடைவரைக்கும் போனேன், குதிகாலைத் தூக்கினேன். சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன்.

தைலப் புட்டியை அவள் படுக்கைப் பக்கம் வைத்தேன். என் முழங்காலுக்கு அது கேட்கவில்லை, அதனால்.

மார்ச் 8, சனி

காலையில் தெருவில் புதுப்புளி விற்றுக்கொண்டு போனார்கள். மாசி அல்லவா. வண்டி நம் வாசலில் வந்து நின்று, “புளி, புளி” என்று கத்தியது. நான் வெளியே போகவில்லை. வண்டி நகர்ந்து திருப்பம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கரலிங்கமும் சுபாவும் தாரணியும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். அவள் வந்து மேசை ஓரம் நின்றாள்.

“மதினி.”

“என்ன வேணும்?”

“மேல இருக்குல்லா. அது.”

“அதுன்னா? மேல ஆயிரம் சாமான் இருக்கு. பேர் சொல்லிக் கேளுங்க.”

போய் அலமாரியை இழுத்தாள். அவள் அடுப்புப் பக்கம் நின்றாள். நான் எழுந்து போய் மேசைப் பக்கம் நின்றேன். நடுவில் கூடைகள். மிளகாய் ஜாடிக்கும் பருப்பு ஜாடிக்கும் இடையில் அவள் முகம் தெரிந்தது.

“அண்ணாச்சி பிடிச்ச உருண்டை” என்றாள்.

பருப்பு ஜாடியை ஒதுக்கி அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன்.

“கெட்டுப்போச்சு, தூரப் போட்டாச்சுன்னிய.”

“சுபாதான் போடச் சொன்னா. ‘கண்டதையும் வச்சுக்கிட்டு இருக்காதம்மா, அத்தை வர்றதுக்குள்ள போட்டுரு’ன்னா. குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டு போயிட்டேன் மதினி. பாத்தா ஒன்னு ஒன்னுலயும் வெரல் தடம். அண்ணாச்சி போய்ப் பதினாறு நாள்தான் ஆகுது. எப்படிப் போட?”

“எங்கிட்ட தர வேண்டியதுதான?”

“போட்டாச்சுன்னு வாயில வந்துட்டு. மகளக் காட்டிக்கொடுக்க முடியுமா? நீங்க அன்னைக்கு இருந்த இருப்புல... பொறவு தந்துருவோம்னு பையில வச்சேன். ஊருக்குப் போனா, ஒருநாள் வீட்ல புளி இல்ல. ஒன்னே ஒன்னுன்னு எடுத்தேன்.”

“ஒன்னா?”

“ருசி விடல மதினி. பொய் சொல்லக்கூடாது.”

பொய் சொல்லக்கூடாதாம். ஒன்றரை வருஷமாகச் சொன்னவள் சொல்கிறாள். காப்பாற்றினாளாம்! பாதியைத் தின்று பாதியைக் காப்பாற்றியிருக்கிறாள். உதடு கோணிக்கொண்டு வந்தது அவளுக்கு.

“அழுதா தர மாட்டேன்” என்றேன்.

அடக்கிக்கொண்டாள். கையை நீட்டி ஜாடியை இறக்கினேன். ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன், குழி மேலே பார்க்கிற மாதிரி. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அடுப்பப் பத்த வைங்க. கரைக்கிறது நான்தான்” என்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வெந்நீரில் போட்டேன். உடனே கரையவில்லை. குழி கடைசியில்தான் கரைந்தது.

சுண்டைவற்றல் போட்ட புளிக்குழம்பு. நான் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன். காரம் சரியாக இருந்தது. சங்கரலிங்கம் வழித்து நக்கினான். சுபா, “யார் வச்சது, அம்மாவா அத்தையா?” என்றாள். நான் அவளையே பார்த்தேன். அவளுக்கு அப்புறம் இருக்கிறது. அவளுடைய ஓட்ஸை எங்கே வைத்தால் எட்டாது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாத்திரம் கழுவும்போது சம்பந்தி அம்மா மெதுவாகக் கேட்டாள். “மதினி, அந்த ஜாடியக் கீழயே வச்சிருவோமா? ஒவ்வொரு தரமும் உங்களுக்குத்தான் சிரமம்.”

“எனக்கு ஒரு சிரமமும் இல்ல.”

உச்சிக்கூடையிலேயே வைத்துவிட்டேன். லேசில் விடுவதாக இல்லை. மிச்சம் இருக்கிற ஒவ்வொரு உருண்டைக்கும் அவள் வந்து என் முன்னால் நிற்க வேண்டும். இன்று சொன்ன அதே பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் தரம் கேட்கும்போது எனக்குக் காது கேட்காது.